வட்டத்துள் ஓர் எழுத்து

1996ஆம் ஆண்டு வெளிவந்த நம் தமிழ்த்துறை மலரின் கடைசிப் பக்கத்தை இன்று எடுத்துப் புரட்டுவோர், 'நன்றிக்குரியோர்' என்னும் தலைப்பின் கீழ்ப் பதினொரு பெயர்களைக் காண்பர். அவற்றுள் ஒன்பதாவது பெயர் அங்கு இடம்பெற்றிருக்கக் கூடாத பெயர். அது அச்சுப்பிழையன்று; மெய்ப்புத் திருத்திய மாணவர் எவரையும் அதற்காகக் குறை கூறுதல் இயலாது. மலர்க்குழுவின் பொறுப்பில் இருந்த நாமே எழுதிக் கொடுத்து, நாமே மெய்ப்பும் பார்த்து, மகிழ்ச்சியோடு அச்சேற்றிய வரி அது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கும் அவ்வொரு வரியின் கதையைச் சொல்லப் புகுந்தால், ஓர் எழுத்தின் வடிவம் எவர்க்கு உரியது என்னும் கேள்வியையும் தொட்டே ஆகவேண்டும்.

அந்த ஆண்டுதான் நம் மலர் முதன்முதலாக ஒளியச்சில் வந்தது. அதற்கு முன்னெல்லாம் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து அச்சிடும் முறையே வழக்கில் இருந்தது. அச்சுக்கோப்பவர் நின்றபடியே அறைகளில் கைவிட்டு எழுத்தெடுக்கும் விரைவை வியந்து பார்த்துக்கொண்டு, மை மணக்கும் அந்த அறையில் மாலைப் பொழுதுகளைக் கழித்த தலைமுறை நம்முடையது. தேய்ந்த 'ண'வும் உடைந்த 'ஞ'வும் நம் மலர்களுக்குப் பழகிய அணிகலன்கள். ஆகவே, அச்சக உரிமையாளர் கணிப்பொறியின் முன் நம்மை அமர்த்தி, ஒரு பிளாப்பித் தட்டைச் செருகி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தமிழ் எழுத்துருக்களைத் திரையில் காட்டியபோது, குழந்தைகள்போல் மகிழ்ந்தோம். அவற்றுள் நான்காவதைத் தலைப்புகளுக்கெனத் தேர்ந்தோம். தடித்த கோடும் மெல்லிய கோடும் இசைந்து வரும் அழகிய உரு அது. ஒரு பூவின் பெயரை அது தாங்கியிருந்தது. "இதைத் தந்தவர் பணம் வேண்டாம் என்கிறார், கடைசிப் பக்கத்தில் நன்றி மட்டும் போடச் சொன்னார்" என்றார் உரிமையாளர். போட்டோம். அதுவே ஒன்பதாவது பெயர்.

மலர் வெளியீட்டு விழா முடிந்த மூன்றாம் நாள், பள்ளியில் நமக்கு ஓவியம் கற்பித்த ஆசிரியர் துறை அறைக்கு வந்தார். பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைப் பலகைகளும், திருமண அழைப்பிதழ்களின் முகப்பெழுத்தும், பள்ளிவாசல் ஆண்டு நாட்காட்டியின் தலைப்பும் எழுதித் தருவது அவருடைய ஓய்வுக்காலத் தொழில். கையில் நம் மலர். நாற்காலியை இழுத்துப் போட்டும் அமரவில்லை.

"தம்பி, இந்த 'ழ'வைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். கீழ்வளைவு மற்ற எழுத்துகளின் அடிக்கோட்டுக்கு வெகுவாகக் கீழிறங்காமல், சற்று மேலேயே திரும்பி நின்றது. "அழகாக இருக்கிறது சார்" என்றோம்.

"நான் போட்டது" என்றார்.

பின்னர் அமர்ந்து, தண்ணீர் அருந்தி, நடந்ததைச் சொன்னார். 1994இல் சென்னையில் கணிப்பொறிக் கடை வைத்திருந்த ஒருவர், தமிழ் எழுத்துரு ஒன்று வரைந்து தரும்படி கேட்டிருக்கிறார். ஐந்து மாதம் அதற்கே உழைத்திருக்கிறார் இவர். தமிழில் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு என்று வகுப்பறையில் நாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். வரைபவரின் கணக்கு வேறு. காலும் கொம்பும் இணைக்கொம்பும் தனித்தனியே ஒருமுறை வரைந்தால் போதும். எந்த மெய்யோடும் அவற்றை ஒட்டிக்கொள்ளலாம். உகரமும் ஊகாரமும் அவ்வாறு இடங்கொடுப்பதில்லை. 'கு' ஒரு விதம், 'சு' ஒரு விதம், 'து' மற்றொரு விதம். பதினெட்டு மெய்க்கும் இவ்விரு வரிசை, ஆக முப்பத்தாறு உருக்கள். எந்தச் சொல்லிலும் வாராத 'ஙு', 'ஙூ' ஆகியவற்றையும் விடாமல் வரைந்தாக வேண்டும். இல்லையேல் பெட்டி நிறையாது. கட்டமிட்ட வரைபடத் தாளில், ஒரு தாளுக்கு ஓர் எழுத்தாக, நூற்றுக்குச் சற்றே மேற்பட்ட தாள்களில் அவர் வரைந்து கொடுத்தார். கூலி சிறிதே கிடைத்தது. ஒரேயொரு வேண்டுகோள் மட்டும் விடுத்தார்: எழுத்துருவுக்குத் தம் தாயாரின் பெயரைச் சூட்டவேண்டும் என்பது. எழுதப் படிக்கத் தெரியாத தாயார் அவர். கடைக்காரர் இசைந்து, அவ்வாறே பெயரிட்டு விற்றார்.

அந்த எழுத்துருவைத்தான் எவரோ படியெடுத்து, தாயாரின் பெயரை நீக்கி, பூவின் பெயரை வைத்து ஊரெங்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். நாமும் அவருக்கு நன்றி கூறியிருக்கிறோம்.

வடிவங்கள் தற்செயலாக ஒத்திருக்கக் கூடாதோ என்று நாம் தயங்கியதை முகத்தில் கண்டிருப்பார் போலும். அன்று மாலையே நம்மை அச்சகத்துக்கு அழைத்துச் சென்று, அவ்வெழுத்துருவின் எழுத்துகள் அனைத்தையும் வரிசையாக அச்சிட்டுத் தரச் சொன்னார். 'ஙூ'வின் மீது விரல் வைத்தார். அதன் சுழி முடியாமல் ஒரு நூலளவு திறந்திருந்தது. "யாரும் பயன்படுத்தமாட்டார்கள் என்று அவசரத்தில் விட்டுவிட்டேன். திருடியவரும் திருத்தவில்லை" என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பை நம்மால் மறக்க முடியவில்லை.

விடைபெறும்போது அவர் கேட்ட கேள்வி இது: "ஆங்கில எழுத்துகளின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு 'ஆர்' போடுகிறார்களே, தம்பி, அதைப் போட எவ்வளவு செலவாகும்? அது இருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள் அல்லவா?"

நமக்கு விடை தெரியவில்லை. நம் பழைய மாணவரான வழக்குரைஞர் ஒருவரைக் கேட்டோம். "எழுத்து பொதுச்சொத்து சார், அதற்கு யார் உரிமை கொண்டாட முடியும்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர்மீது சினம் வந்தது. அவர் கூறியதில் பெரும்பகுதி உண்மை என்று தெரிந்துகொள்ளவும், எப்பகுதி உண்மையன்று என்று தெரிந்துகொள்ளவும் நமக்குப் பல்லாண்டுகள் ஆயின.

முதலில் வட்டத்துள் 'ஆர்'. அமெரிக்க நாட்டின் 1946ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் அதற்கு இடம் வகுத்தது. பதிவு பெற்ற சின்னம் என்று பல சொற்களில் எழுதுவதற்கு மாற்றாக அவ்வோர் எழுத்தை வட்டமிட்டு எழுதலாம் என்று அது விதித்தது. 'டி எம்' என்னும் ஈரெழுத்துக் குறி, பதிவு செய்யாதவரும் தம் உரிமை கோரி இட்டுக்கொள்வது. வட்டத்துள் 'சி'யோ பதிப்புரிமையின் குறி. 1909ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓவியம், நிலப்படம் முதலியவற்றுக்கெனத் தோன்றி, 1952இல் ஜெனீவாவில் உருவான உடன்படிக்கையின் பின் நூல்களுக்கும் பரவியது. இவற்றுள் எழுத்துருவின் அருகே நாம் பெரும்பாலும் காண்பது 'ஆர்'தான். அது காப்பது எழுத்துருவின் பெயரை மட்டுமே. வடிவத்தின் மீது அதற்கு அதிகாரம் இல்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்த நாளில் ஆசிரியரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதை அவரிடம் சொல்லும் துணிவுதான் வரவில்லை.

ஹெல்வெட்டிகாவை எடுத்துக்கொள்வோம். 1957இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்தில் எடுவார்ட் ஹோஃப்மன் வழிகாட்ட, மாக்ஸ் மீடிங்கர் வரைந்தது; 1960இல் சுவிஸ் நாட்டின் இலத்தீன் பெயரையொட்டி அப்பெயர் பெற்றது. பெயர் பதிவு பெற்றது. ஆகவே பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் அதே சாயலை 'சுவிஸ் 721' என்னும் பெயரில் விற்றது. இலண்டன் 'தி டைம்ஸ்' நாளேடு 1932இல் தனக்கென உருவாக்கிக்கொண்ட எழுத்தை, மோனோடைப் நிறுவனம் 'டைம்ஸ் நியூ ரோமன்' என்றும் லைனோடைப் நிறுவனம் 'டைம்ஸ் ரோமன்' என்றும் வழங்கின. பிட்ஸ்ட்ரீமோ 'டச்சு 801' என்றது. ஒரே முகத்துக்கு மூன்று பெயர்! தாயாரின் பெயரை நீக்கிப் பூவின் பெயரை வைத்தவர் எந்த வழக்குரைஞரையும் கலந்திருக்க மாட்டார். ஆயினும் உலகப் பெருநிறுவனங்கள் நடந்த அதே வழியில்தான் அவரும் நடந்திருக்கிறார். பதிவு செய்திருந்தாலும் 'ஆர்' என்னும் காவலன் பெயரின் வாயிலில் நின்றிருப்பான். கள்வன் பெயரை வாயிலிலேயே விட்டுவிட்டுப் பொருளோடு போயிருப்பான்.

இது புதிய கதையுமன்று. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்னும் அச்சுநூல் வித்தகர் 1501இல் வர்ஜிலின் பாக்களைச் சாய்வெழுத்தில் சிறு நூலாக வெளியிட்டார். சாய்வெழுத்தில் முழுநூல் ஒன்று அச்சேறியது அதுவே முதன்முறை. எஃகு முனையில் அவ்வெழுத்துகளைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. வெனிஸ் ஆட்சிமன்றம் அவ்வெழுத்து வகைக்கு ஆல்டஸின் பேரில் தனியுரிமை வழங்கியது. உரோமிலிருந்து போப்பாண்டவரின் ஆணையும் பெற்றார். வெனிஸ் ஆணை லியோன் நகரில் செல்லுமா? அந்நகரத்து அச்சகத்தார் அவ்வெழுத்தைப் போலவே செதுக்கிக்கொண்டு, ஆல்டஸின் நூல்களையே அச்சிட்டு மலிவாக விற்றனர். 1503ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆல்டஸ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். போலி நூல்களில் தாள் மட்டமானது, மணம் சரியில்லை என்றெல்லாம் கூறி, இன்னின்ன நூலில் இன்னின்ன பிழை என்று பட்டியலும் தந்தார், வாங்குவோர் கண்டுகொள்ளட்டும் என்று. லியோன் அச்சகத்தார் அப்பட்டியலை நன்றியோடு பெற்றுக்கொண்டு, அதைக்கொண்டே தம் பதிப்புகளின் பிழைகளைத் திருத்திக்கொண்டனர்! பிழையைக்கொண்டு போலியைக் காட்டும் வழக்கு ஐந்நூறு ஆண்டுப் பழைமையுடையது என்று படித்தபோது, நம் ஆசிரியரின் 'ஙூ' நினைவுக்கு வந்தது. பூவின் பெயர் சூட்டியவர் லியோன்காரர் அளவுக்கு உழைப்பாளியல்லர், அவ்வளவே வேறுபாடு.

கிரிஃபோவின் நிலையைத்தான் நாம் பலகாலம் எண்ணிப் பார்த்திருக்கிறோம். வர்ஜில் நூலிலேயே ஆல்டஸ் அவரைப் புகழ்ந்து சிறு பா ஒன்று அச்சிட்டார். உரிமை மட்டும் ஆல்டஸின் பேரில் இருந்தது. தாம் செதுக்கிய எழுத்தைத் தாமே வெனிஸில் வேறொருவருக்குச் செதுக்கித் தர முடியாத நிலை. கிரிஃபோ வெனிஸை விட்டுச் சென்று சோன்சினோ என்னும் அச்சகத்தாருடன் சேர்ந்தார். 1503இல் சோன்சினோ வெளியிட்ட பெட்ரார்க் நூலின் முன்னுரை, இவ்வெழுத்தை ஆக்கியவர் கிரிஃபோவே என்று வெளிப்படையாகப் பறைசாற்றியது. ஆக, அந்நாளிலும் வேண்டப்பட்டது முன்னுரையில் ஒரு வரி.

சட்டம் ஏன் எழுத்தின் வடிவத்தைக் காக்கத் தயங்குகிறது என்பதற்கும் நியாயம் உண்டு. 'அ' என்னும் எழுத்து எவர்க்கும் சொந்தமாகக் கூடாது. ஆனால் எவரோ வரைந்த 'அ'வின்றி ஒரு நூலும் அச்சேறாது. அவ்வடிவத்துக்கு முழு உரிமை தந்துவிட்டால், எழுதியவரின் நூல் வரைந்தவரின் இசைவுக்குக் காத்துக்கிடக்கும். கற்பிப்போர் இவ்வச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1842இல் அமெரிக்கா வடிவமைப்புகளுக்கென்று காப்புரிமை தரத் தொடங்கியபோது, முதலாம் எண் காப்புரிமையைப் பெற்றது நியூயார்க் எழுத்து வார்ப்பாளர் ஜார்ஜ் புரூசின் அச்செழுத்தே. ஏழாண்டுக் காவல் அது. அந்த வாயில் இன்றும் திறந்தே இருக்கிறது. பதிப்புரிமை வாயிலோ மூடப்பட்டது. ஹெர்மன் சாப்ஃப் என்னும் செருமானிய மேதை வரைந்த எழுத்துரு ஒன்றைப் பதிப்புரிமை அலுவலகத் தலைவர் பார்பரா ரிங்கர் பதிவு செய்ய மறுக்க, லைனோடைப்பின் உரிமை நிறுவனமான எல்ட்ரா வழக்குத் தொடுத்தது. 1978இல் மேல்முறையீட்டு மன்றம் மறுப்பே சரி என்றது. எழுத்துரு பயன்பொருள், அதன் பயனிலிருந்து கலையைத் தனியே பிரித்தெடுக்க இயலாது என்பது அதன் வாதம்.

கணிப்பொறி வந்ததும் ஒரு விந்தை நிகழ்ந்தது. திரையில் தோன்றும் எழுத்து, உள்ளே புள்ளிகளும் வளைவுகளுமாக எழுதப்பட்ட நிரல். வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லையேனும் நிரலுக்கு உண்டு என்று 1992இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் விதி வகுத்தது. 1998இல் அடோபி நிறுவனம் தொடுத்த வழக்கில், வளைவின் மீது புள்ளிகளை எங்கெங்கு வைப்பது என்று தெரிவு செய்வதிலேயே படைப்புத்திறன் இருக்கிறது என்று கலிபோர்னிய நீதிமன்றம் ஏற்றது. அதன்படி, கோப்பை அப்படியே படியெடுத்தால் குற்றம். எழுத்தைத் தாளில் பெரிதாக அச்சிட்டு, மேலே கண்ணாடித்தாள் வைத்து, சொந்தப் புள்ளிகளால் வரைந்துகொண்டால் குற்றமில்லை! நம் ஆசிரியர் வரைந்தது தாளில். புள்ளிகளை வைத்தவர் கடைக்காரரின் பணியாளர். அந்தத் தீர்ப்பின் வழி நோக்கினால், காக்கப்படவேண்டியவர் பணியாளரே தவிர ஆசிரியர் அல்லர். படித்துவிட்டு ஒருநாள் முழுதும் மனம் கசந்திருந்தோம்.

சாப்ஃப் போன்ற பெரும்புகழ் வாய்ந்தவரே இதில் தப்பவில்லை. 1950 வாக்கில் ஸ்டெம்பல் வார்ப்பகத்தின் வழி வந்த அவருடைய பலட்டினோ, பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தர் ஒருவரின் பெயர் தாங்கியது. அதனோடு மிக நெருங்கிய சாயலில் மோனோடைப் 'புக் ஆண்டிக்வா' என்பதை வெளியிட, அது கணிப்பொறிகளோடு உலகெங்கும் பரவியது. எழுத்துருக் கலைஞர்களின் பன்னாட்டுச் சங்கம் இதைத் தடுக்கவில்லை என்று வருந்தி, 1993இல் சாப்ஃப் அச்சங்கத்திலிருந்து விலகினார். 2006இல் லைனோடைப்பையே மோனோடைப் வாங்கிவிட்டபடியால், மூலமும் சாயலும் இன்று ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன என்பது வேறு வேடிக்கை.

அச்சங்கம் வாளாவிருந்தது என்றும் சொல்வதற்கில்லை. அதன் முயற்சியும் சேர்ந்தே 1973ஆம் ஆண்டு சூன் மாதம் வியன்னாவில் எழுத்துரு வடிவங்களின் காப்புக்கென ஓர் உடன்படிக்கை எழுந்தது. குறைந்தது பதினைந்தாண்டுக் காவல் அதில் உண்டு. நூல் கோப்பவர் எழுத்தைப் பயன்படுத்துவது படியெடுத்தலாகாது என்று தெளிவாகவே பிரித்தும் வைத்தனர். ஐந்து நாடுகள் ஒப்புதல் அளித்தால் நடைமுறைக்கு வரும். பிரான்சும் மேற்கு செருமனியும் அளித்தன. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் ஐந்து நாடுகள் சேரவில்லை. பிரிட்டன் தன் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபத்தைந்தாண்டுக் காவல் தந்து, அச்சிடுவோருக்கு விலக்கும் அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் எழுத்துருவைப் பதிவுக்குரிய வடிவமைப்பாகப் பெயர் சொல்லியே ஏற்றது. வடிவமைப்புக்கு வட்டத்துள் 'டி' என்று ஒரு குறியும் 1960ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது. அமெரிக்கர் 1998இல் அக்குறியைத் தம் சட்டத்தில் ஏற்றனர். படகுகளின் அடிக்கட்டு வடிவத்தைக் காப்பதற்காக! படகின் வயிற்றுக்குக் கிடைத்த வட்டம் எழுத்தின் முகத்துக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்க் கொல்கத்தாவில் பதிவு செய்யலாம். பொருள்களின் வகுப்புப் பட்டியலில் பதினெட்டாம் வகுப்பில் அச்செழுத்துகளுக்கும் எழுத்துருக்களுக்கும் இடமிருக்கிறது. பத்தாண்டுக் காவல், மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். பதிவு பெற்ற பொருளில் 'ரிஜிஸ்டர்டு' என்றோ 'ஆர் டி' என்றோ பொறித்துப் பதிவெண்ணையும் இடவேண்டும், வட்டம் ஏதுமில்லை. வடிவம் புதியதாக இருக்கவேண்டும், முன்னரே வெளியாகியிருக்கக் கூடாது என்பது கட்டாயம். ஆசிரியரின் எழுத்து கடையில் விற்பனைக்கு வந்த அன்றே அவ்வாயில் அடைபட்டுவிட்டது. எழுத்துருவைக் கலைப்படைப்பாகக் கருதிப் பதிப்புரிமை கேட்டவர்க்கு, 2002இல் 'ஆனந்தா எக்ஸ்பாண்டட் இட்டாலிக்ஸ்' தொடர்பான முடிவில் பதிப்புரிமை வாரியம் இடமில்லை என்றது. கணிப்பொறி நிரலையோ நம் பதிப்புரிமைச் சட்டம் 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையில் அடக்குகிறது. தமிழ்த்துறை நண்பர்கள் புன்னகைக்கலாம்: 'ழ'வின் அழகு இலக்கியமும் அன்று, ஓவியமும் அன்று, அதைத் திரைக்கு அனுப்பும் எண்களின் வரிசை இலக்கியம்.

வட்டத்துள் 'ஆர்' போட எவ்வளவு செலவாகும் என்ற கேள்விக்கும் இப்போது விடை சொல்வோம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தனியொருவர் இணைய வழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். பத்தாண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவு கிடைக்கும் முன் அக்குறியை இடுவது சட்டத்துக்கு மாறானது.

நம் சமுதாயப் பெரியோர் ஒருவர், சட்டம் தடுக்காததை நாம் ஏன் பிழையென்று கருதவேண்டும் என்று ஒருமுறை நம்மைக் கேட்டார். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டு ஃபிக்ஹு அகாதமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி, வணிகப் பெயர், சின்னம், நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைகள் அவ்வவற்றுக்கு உரியோரைச் சேர்ந்தவை, அவற்றில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்திருப்பதை எடுத்துக் காட்டினோம். அவரோ, அதற்கெல்லாம் போகவேண்டாம் என்று சொல்லி, வீட்டிலிருந்து கல்லச்சில் வந்த பழைய அரபுத்தமிழ் நூல் ஒன்றைக் கொண்டுவந்து கடைசி ஏட்டைக் காட்டினார். நூலை இயற்றியவர் பெயருக்குக் கீழே, கல்லில் ஏற்றுவதற்காக அதைக் கையால் எழுதிக் கொடுத்தவரின் பெயரும் ஊரும் இருந்தன. நாம் வாயடைத்துப் போனோம். ஏனெனில் நம் ஆசிரியர் கேட்டதும் அதுவே.

ஆம், அவர் பணமோ வழக்கோ கேட்கவில்லை. "அடுத்த மலரில் ஒரு வரி போட்டுவிடுங்கள் தம்பி, தலைப்பெழுத்து இன்னார் வரைந்தது, அதன் பெயர் இது என்று" என்றார். கட்டாயம் போடுகிறோம் என்று வாக்களித்தோம். அடுத்த ஆண்டு மலர்க்குழுவில் அவ்வரியை முன்வைத்தபோது, அச்சக உரிமையாளர் மனம் நோவார், அவர் நமக்குப் பாதி விலையில் அச்சிட்டுத் தருகிறார், முந்தைய ஆண்டு நன்றி கூறியவரை இவ்வாண்டு கள்வர் என்பதா என்று சிலர் தயங்கினர். அவர்கள் பேசியதைவிட நாம் பேசாதிருந்ததே பெரிது. எழுத்துருவை மாற்றிக்கொண்டோம், வரியைப் போடவில்லை. அதற்கடுத்த ஆண்டு போடலாம் என்றிருந்தோம். ஆசிரியர் அதன்பின் நம்மிடம் அதைப்பற்றிக் கேட்டதேயில்லை. கடைத்தெருவில் கண்டால் நலம் விசாரிப்பார். 2004இல் இறைவனடி சேர்ந்தார். ஜனாஸா தொழுகையின் வரிசையில் நின்றபோது அந்த வரிதான் நம் கண்முன் நின்றது.

சென்ற ஆண்டு அவர் மகனார் வீட்டை இடித்துக் கட்டுகையில் தகரப்பெட்டியொன்றில் வரைபடத் தாள்கள் அகப்பட்டன என்று அழைத்தார். தொண்ணூற்றாறு தாள்கள் இருந்தன. சில கறையான் வாய்ப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் தாயாரின் பெயர். கணிப்பொறித் துறை மாணவர் மூவர் அவற்றை மின்னாக்கம் செய்து, புள்ளியிட்டு வருகின்றனர். அந்நாளைய கடைக்காரர் இப்போது வளைகுடா நாடொன்றில் இருக்கிறார்; எழுதிக் கேட்டதற்கு, தமக்கு ஆட்சேபமில்லை என்று ஒப்பமிட்டு அனுப்பினார். எஸ்.ஐ.எல். நிறுவனம் 2005இல் வகுத்த திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளியிடுவதென்று மகனாரோடு கலந்து முடிவு செய்திருக்கிறோம். அவ்வுரிமத்தின்படி எவரும் எழுத்தைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். காப்பில் வைத்த பெயரை மட்டும் மாற்றிய உருவுக்கு இடக் கூடாது. ஆக்கியோர் பற்றிய குறிப்பை நீக்கவும் கூடாது. 'முக்தா மலர்', 'மீரா இனிமை' போன்ற தமிழ் எழுத்துருக்கள் இவ்வழியில் வந்தவையே. பெயரை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்ய வேண்டுமா என்று மகனார் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். பாட்டியாரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டம் போடுவது அவருக்கு ஏனோ கூச்சமாக இருக்கிறதாம்.

இம்மலரின் கடைசிப் பக்கத்தில், இருபத்தொன்பது ஆண்டுகள் தாழ்ந்து, அந்த வரியைச் சேர்க்கும்படி மலர்க்குழுவினரைக் கேட்டிருக்கிறோம். இசைந்துள்ளனர். சென்ற வாரம் மாணவருள் ஒருவர் திரையைக் காட்டி, "ஐயா, 'ஙூ'வில் சுழி மூடாமல் இருக்கிறது, மூடிவிடட்டுமா?" என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றோம்.